புயலுக்கு முந்தைய அத்தியாயங்கள்

தனுஷ்கோடியை வைத்து நாவல் எழுத உட்கார்ந்தபோது தொடக்கமும் முடிவும் என் கையில் இருந்தன. மதுரையிலிருந்து மாற்றலாகி வரும் ஒரு ரயில்வே பாயின்ட்ஸ்மேன், புது மனைவியோடு அந்த மணல்திட்டில் வந்து இறங்குகிறான். முடிவு ஊரறிந்தது. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர், தனுஷ்கோடி ஸ்டேஷனைத் தொடும் முன்பே புயலில் கடலோடு போய்விட்டது.

தினமும் காலை நாலரைக்கு எழுந்து ஆறரை வரை எழுதுவேன், அப்புறம் அலுவலகம். பத்து அத்தியாயம் இரண்டே மாதத்தில் ஓடியது. பதினொன்றில் நின்றது நின்றதுதான். இருவரும் சமைக்கிறார்கள், கோபித்துக்கொள்கிறார்கள், இலங்கைக்குக் கப்பலேறப் போகும் கூட்டத்தை வேடிக்கை பார்க்கிறார்கள். எதிலும் உயிர் இல்லை.

அப்போது செய்த தவறு, முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய்த் திருத்த ஆரம்பித்தது. ஏழு வாரம். நாவலின் முதல் வரியை மட்டும் ஒரு நோட்டுப் பக்கம் முழுக்க மாற்றி மாற்றி எழுதியிருக்கிறேன். உழைக்கிற நிறைவு இருந்தது, புதிதாக ஒரு பக்கம்கூடச் சேரவில்லை. அடுத்து, சேகரித்த தகவல்களை அள்ளிக் கொட்டினேன்: 1914இல் திறந்த பாம்பன் பாலம், எழும்பூரிலிருந்து வரும் போட் மெயில் ரயில், தலைமன்னாருக்குப் போகும் கப்பல், சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ். படித்துப் பார்த்தால் அரசாங்க அறிக்கை மாதிரி இருந்தது. சரி, ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ராமேஸ்வரம் கிளம்பினேன்.

அங்கே எழுபத்தைந்தைத் தாண்டிய ஒரு பாட்டியிடம் பேசினேன். சின்ன வயதில் தனுஷ்கோடியில் இருந்தவர். நான் புயலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். “புயல் ஒரு ராத்திரிதான் தம்பி. அதுக்கு முன்னாடி அங்கதானே பொறந்து வளந்தோம். அதை யாரும் கேக்க மாட்டேங்கிறீங்க” என்றார்.

அப்புறம் தண்ணீர் எடுத்த கதையைச் சொன்னார். மணலில் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்புக் கரிக்கும். குழிக்குள் குனிந்து சிரட்டையால் மணல் கலங்காமல் மேலாக மோந்து, குடத்து வாயில் கட்டிய துணியில் ஊற்ற வேண்டும். நாலு சிரட்டை மோந்தால் குழி வற்றிவிடும். மறுபடி ஊறும் வரை பக்கத்தில் உட்கார்ந்து ஊர்ப் பேச்சு. அடுத்தவள் குழியில் யாராவது கை வைத்துவிட்டால் அன்றைக்குச் சண்டைதான். சொல்லும்போது அவர் வலது கை காற்றில் மோந்துகொண்டே இருந்தது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. பதினோராம் அத்தியாயத்திலிருந்து எல்லாரையும் புயலுக்காகக் காக்க வைத்திருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் கறுத்த மேகம், ஊளையிடும் நாய். முடிவு தெரிந்தவன் நான். அவர்களுக்குத் தெரியாதே! அவனுக்குத் தீபாவளிக்கு வாங்கிய கடன் பெரிது. அவளுக்கு நாளைக்குத் தண்ணீர் பெரிது.

மேகங்களையும் நாயையும் எடுத்துப் போட்டேன். காலையில் உட்கார்ந்ததும் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: இன்றைக்கு அவளுக்கு என்ன வேண்டும்? சில நாள் அரைப் பக்கம்தான் வந்தது, அதோடு எழுந்துவிட்டேன். தெரியாத விவரம் வந்தால் ‘பார்க்கணும்’ என்று எழுதித் தாண்டினேன். கைப்பிரதியில் அப்படி எண்பதுக்கு மேல் இருக்கின்றன. பழைய பக்கங்களைத் திறக்கவே இல்லை. குழிச் சண்டை ஒரு முழு அத்தியாயமாக வளர்ந்தது. சண்டை போட்டவள் இருபதாம் அத்தியாயத்தில் இவளுக்குப் பிரசவம் பார்த்தாள். அதை நான் திட்டமிடவே இல்லை.

புயல் அத்தியாயத்துக்கு வர எட்டு மாதம் ஆனது. அந்த இரவில் அவள் குடத்தை எட்டிப் பார்க்கிறாள், கால் குடம்தான் இருக்கிறது. மழை விட்டதும் காலையில் போய்க்கொள்ளலாம் என்று சிரட்டையைக் குடத்தின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் படுக்கிறாள். அதற்கு மேல் அன்றைக்கு என்னால் எழுத முடியவில்லை.