காம்போசிஷன் படிக்க இரண்டு முறை விண்ணப்பித்த அனுபவம்

அமெரிக்காவில் காம்போசிஷன், அதாவது மேற்கத்திய இசையை எழுதும் படிப்பில் முதுகலைக்கு முதல் வருடம் நான்கு இடங்களில் விண்ணப்பித்தேன், நான்கிலும் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் ஒன்றில் கிடைத்தது. இப்போது அங்கேயே முனைவர் படிப்பில் இருக்கிறேன், முதலாண்டு மாணவர்களுக்குச் செவிப்பயிற்சி (ஸ்வரங்களைக் காதால் கேட்டே கண்டுபிடிக்கும் பயிற்சி) வகுப்பும் எடுக்கிறேன். ஊரிலிருந்து கேட்கிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "இருபது வயசுக்கு மேல ஆரம்பிச்சா இதெல்லாம் நடக்குமா?"

நான் அமெரிக்க இசையமைப்பாளர் ஜெனிஃபர் ஹிக்டனைப் பற்றிச் சொல்வேன். 1962-இல் புரூக்ளினில் பிறந்தவர். 15 வயதில் தானாகவே ஃப்ளூட் பழகினார். முறையான இசைப் படிப்பு 18 வயதில், ஒஹாயோ மாநிலத்து பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில். இசை எழுதத் தொடங்கியபோது வயது 21. அப்புறம் பிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரி, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். 1994 முதல் 2021 வரை கர்ட்டிஸிலேயே ஆசிரியர். 2010-இல் வயலின் கான்செர்ட்டோவுக்கு (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) இசைக்கான புலிட்சர் பரிசு.

வயதை விட எனக்கு உதவியது அவருடைய வாழ்க்கையில் வரும் மனிதர்கள். பௌலிங் கிரீனில் அவருக்கு இசைக்குழு நடத்தக் கற்றுக்கொடுத்தவர் ராபர்ட் ஸ்பானோ. கர்ட்டிஸின் 75-ஆம் ஆண்டுக்காக, இறந்துபோன தம்பியை நினைத்து ஹிக்டன் எழுதிய 'ப்ளூ கதீட்ரல்' என்ற இசைக்குழுப் படைப்பு 2000-இல் அரங்கேறியபோது மேடையில் நின்று நடத்தியவரும் ஸ்பானோதான். அதில் ஃப்ளூட் அக்கா, கிளாரினெட் தம்பி. ஒரு கட்டத்தில் ஃப்ளூட் நின்றுவிடும், கிளாரினெட் மட்டும் மேலே போகும். ஒரு தடவையாவது கேளுங்கள். புலிட்சர் வாங்கிய கான்செர்ட்டோ யாருக்காக எழுதப்பட்டது தெரியுமா? கர்ட்டிஸில் அவருடைய வகுப்பில் உட்கார்ந்து படித்த வயலின் கலைஞர் ஹிலரி ஹானுக்காக. முதல் பகுதியின் தலைப்பு '1726'. அந்தக் கல்லூரியின் கதவு எண் அது.

என் முதல் விண்ணப்பத்தில் இப்படி யாருமே இல்லை. மூன்று படைப்புகளும் கம்ப்யூட்டர் ஒலியில் இருந்தன. ஏன் கிடைக்கவில்லை என்று எந்தக் கல்லூரியும் எழுதி அனுப்பவில்லை. சில மாதம் கழித்து ஒரு ஃப்ளூட் கலைஞரிடம் ஸ்கோரை, அதாவது எல்லாக் கருவிகளுக்குமான இசைக்குறிப்புத் தாளைக் காட்டியபோது, இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டு, "மூச்சு எங்க எடுக்கிறது?" என்று கேட்டார். பன்னிரண்டு பார் (தாளக் கட்டம்) இடைவெளியே இல்லாமல் எழுதியிருந்தேன். கம்ப்யூட்டர் அதை அழகாகவே வாசித்துக் காட்டியிருந்தது.

அந்த வருடம் மூன்று பேரைத் தேடிப் பிடித்தேன்: அந்த ஃப்ளூட் கலைஞர், சர்ச்சில் வயலின் வாசிக்கும் நண்பர், கிளாரினெட்டுக்கு ஒரு பள்ளிக்கூட பேண்ட் மாஸ்டர். முதல் ஒத்திகையில் எல்லாம் அபஸ்வரம். பி ஃப்ளாட் கிளாரினெட்டில் சி என்று எழுதியதை வாசித்தால் அதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே உள்ள பி ஃப்ளாட் ஒலிக்கும். கிளாரினெட்டுக்கான தாளை ஒரு முழு ஸ்வரம் ஏற்றி எழுத நான் மறந்திருந்தேன். மாஸ்டர் இரண்டு நிமிடம் தாளைப் பார்த்தார். "சரி, நான் ஏத்தி வாசிக்கிறேன் தம்பி, நீ அடுத்த வாரம் மாத்திக் கொண்டு வா" என்றார். நான்கு ஒத்திகைக்குள் ஸ்கோரில் பாதியை மாற்றினேன். ஃப்ளூட்டின் கீழ்ஸ்தாயி மெலிந்த ஒலி, மற்ற கருவிகள் அதை மூடிவிடும் என்பதெல்லாம் அங்கேதான் காதில் ஏறியது.

இரண்டாம் முறை நேர்முகத்தில், ஒத்திகைக்குப் பிறகு எதை மாற்றினாய், ஏன் என்று கேட்டார்கள். பத்து நிமிடம் மூச்சைப் பற்றியே பேசினேன்.

விண்ணப்ப விஷயங்கள் சுருக்கமாக: பல இடங்களில் கடைசித் தேதி டிசம்பர் 1 வாக்கில் வரும். பொதுவாக மூன்று ஸ்கோர்களும் ஒலிப்பதிவும் கேட்பார்கள். ஜூனில் ஆட்களைப் பிடித்து, செப்டம்பருக்குள் பதிவை முடியுங்கள். நேரடியாக வாசித்த ஐந்து நிமிட மூவர் இசை, கம்ப்யூட்டரில் செய்த இருபது நிமிட சிம்பொனியை விடப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. சிறந்ததை முதலில் வையுங்கள். கல்லூரியில் முழுநேர ஆசிரியராக வேண்டுமென்றால் பெரும்பாலும் முனைவர் பட்டம் கேட்பார்கள். முதுகலைக்குப் பண உதவி குறைவு. முனைவர் படிப்பில் வகுப்பு எடுத்தால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தரும் இடங்கள் உண்டு. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஆசிரியர் பெயரை மட்டும் பார்க்காமல், மாணவர் படைப்புகளை அங்கே யார் வாசிக்கிறார்கள், வருடத்துக்கு எத்தனை முறை என்று அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள்.

பேண்ட் மாஸ்டருக்காக இப்போது தனிக் கிளாரினெட்டுக்கு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். டிசம்பரில் ஊருக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.