எண்ணி முடிக்கும் வரை ஐந்து வாரம்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் பதினோரு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். வேலை நேரத்தில் உடையில் குத்தும் டிஎல்டி பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கதிர் அளவு பார்க்க அனுப்புவோம். போன வருஷம் என் பேட்ஜில் 100 மில்லிசீவர்ட்டுக்கு மேல் காட்டியது. எங்களுக்கு எந்த வருஷமும் 30-ஐத் தாண்டக் கூடாது, ஐந்து வருஷ சராசரி 20-தான். தாளைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது.

கதிர் உண்மையிலேயே என் உடம்பில் பட்டதா என்று பார்க்க, குரோமோசோம் (செல்லுக்குள் மரபுத் தகவலைத் தாங்கும் இழை) பரிசோதனைக்கு ரத்தம் கேட்டார்கள். படிவத்தில் புகை, மருந்து, முன்பு எடுத்த ஸ்கேன் எல்லாம் எழுதினேன், அப்புறம் மணவாளக்குறிச்சியில் வளர்ந்தவன் என்பதையும் சேர்த்தேன், அந்தக் கடற்கரை மணலில் கதிர் வீசும் தோரியம் உள்ள மோனசைட் தாது இருக்கிறதே. பச்சை மூடி ட்யூபில் எடுத்தார்கள். வெள்ளை அணுக்களை 48 மணி நேரம் வளர்த்து, பிரியும் நேரத்தில் நிறுத்தி, ஒவ்வொரு செல்லாக எண்ணுவார்களாம். ஆய்வக அக்கா ஒரு படம் காட்டினார். சாதாரண குரோமோசோமுக்கு ஓரிடத்தில்தான் இடுப்பு, கதிர் உடைத்துத் தப்பாக ஒட்டினதுக்கோ நூல் கட்டி இறுக்கின மாதிரி இரண்டு இடத்தில். அதுதான் டைசென்ட்ரிக்.

ஐந்து வாரம் காத்திருந்தேன். அந்த நாட்களில்தான் 1998-இல் வந்த, வட ஐரோப்பாவின் நார்டிக் நாடுகளிலும் இத்தாலியிலும் நடந்த ஆய்வைப் பற்றிப் படித்தேன்: ரத்தத்தில் குரோமோசோம் சேதம் அதிகம் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் கூடுதலாக வந்திருக்கிறது. அன்று இரவு தூங்கவில்லை. "மக்களே, உனக்கு என்ன செய்யுது?" என்று அம்மா கேட்டபோது சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் ஆய்வக டாக்டருக்கே போன் செய்தேன். அது ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு, கூட்டத்தில் ஆபத்து கூடுவதைக் காட்டும், உனக்கு வருமா வராதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது என்று பொறுமையாக விளக்கினார். அவர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ.

முடிவு வந்தது. ஆயிரம் செல்லில் ஒரே ஒரு டைசென்ட்ரிக், கதிர் வேலையே பார்க்காதவர்களுக்கும் இருக்கிற அளவு. பேட்ஜ் அவ்வளவு காட்டியதற்குக் காரணம் வேறு: பேட்ஜ் குத்திய ஈய ஏப்ரனை ராத்திரி எக்ஸ்ரே அறைக்குள்ளேயே மாட்டியிருக்கிறேன், மற்ற ஷிப்டில் எடுத்த எக்ஸ்ரே எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. வெளியே ஒரு கொக்கி அடித்துத் தாருங்கள் என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், நிர்வாகம் காதில் வாங்கவே இல்லை. முடிவுத் தாள் வந்த அன்று நானே சுத்தியலும் ஆணியும் வாங்கிக்கொண்டு போனேன்.