புது டெர்மினல் கட்டினா வெளிநாட்டு ஃப்ளைட் வந்துருமா?

ஒரு நடுத்தர ஊர் ஏர்போர்ட்ல புது டெர்மினல் திறந்தா போதும், லண்டனுக்கு நேரா ஃப்ளைட் வருதாம், டோக்கியோவுக்கும் வருதாம்னு வாட்ஸ்அப்ல கிளம்பிரும், ஃப்ளைட்டுக்கு முன்னாடி வதந்திதான் டேக்-ஆஃப் ஆகும். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் ஏர்லைன்ஸ்காரங்க அட்டவணை மாறுறப்போ யாரு எந்த ஊருக்கு புதுசா போறான்னு ராத்திரி முழிச்சு நோண்டுற பைத்தியம் எனக்கு ரொம்ப நாளா உண்டு, அந்த உரிமைல சொல்றேன், டெர்மினலுக்கும் ஃப்ளைட்டுக்கும் தூரத்து சொந்தம்தான்.

நம்பலன்னா அமெரிக்காவுல இருக்குற பிட்ஸ்பர்க்க பாருங்க. 1992-ல யுஎஸ்ஏர்ங்கிற (பின்னாடி யுஎஸ் ஏர்வேஸ்னு பேர் மாறுன) ஏர்லைன்ஸ நம்பி பிரம்மாண்டமா ஒரு டெர்மினல் கட்டினாங்க, 2004-ல அந்த கம்பெனி அங்க இருந்த தன்னோட ஹப்ப, அதாவது பல ஊர்ல இருந்து ஆள கொண்டு வந்து ஃப்ளைட் மாத்தி விடுற மைய ஏர்போர்ட்ட, மூடிருச்சு, கேட் எல்லாம் காத்தாடுச்சு. அப்புறம் 2009-ல டெல்டா ஏர்லைன்ஸ் பாரிஸுக்கு ஃப்ளைட் விட்டது எப்படின்னா, நஷ்டம் வந்தா நாங்க ஈடு கட்டுறோம்னு மாநில அரசும் உள்ளூர் தொழில் அமைப்பும் உத்தரவாதம் குடுத்துதான். அதுவும் 2018-ல நின்னு போச்சு. 2019 ஏப்ரல்ல பிரிட்டிஷ் ஏர்வேஸ் லண்டனுக்கு ஆரம்பிச்சாங்க, அதுக்கும் ஊக்கத்தொகை குடுத்துதான். காசு குடுத்து கூப்பிடுறது தப்புன்னு சொல்லல, முதல் ரெண்டு வருஷம் தாக்குப்பிடிக்க அது உதவும், ஆனா காசு இருக்குற வரைக்கும்தான் விருந்தாளி இருப்பான்னா அது வேற கதை.

சரி, என்னதான் வேணும்? ஆளு வேணும். 240 சீட் இருக்குற ஒரு போயிங் 787 வாரம் அஞ்சு நாள் வருதுன்னு வெச்சுக்கோங்க, 80 சதவீதம் நிரம்பணும்னா போக 192 பேர் வர 192 பேர், வருஷத்துக்கு கிட்டத்தட்ட 1 லட்சம் பேர். அதுவும் லீவு மாசத்துல மட்டும் கூட்டமா வந்துட்டு மிச்ச மாசம் ஈ ஓட்டினா ஆகாது, அந்தப் பக்கத்துல இருந்தும் ஆளு ஏறணும், முன்னாடி பிசினஸ் கிளாஸ்லயும் நாலு பேர் உக்காரணும், கீழ சரக்கும் ஏறணும். ஒரு நடுத்தர ஊர்ல இருந்து ஒரே ஒரு வெளிநாட்டு ஊருக்கு தினம் அத்தனை பேர் போவாங்களான்னா மாட்டாங்க. அதனாலதான் நான் எப்பவும் ஹப்புக்கு போற ஃப்ளைட்டத்தான் கேக்கணும்னு சொல்றது. எமிரேட்ஸ் 2007-ல இங்கிலாந்துல நியூகாசிலுக்கு வந்தப்போ துபாய்க்கு மட்டும் இருக்குற ஆள நம்பியா வந்தாங்க? துபாய்ல இறங்கி நாலா பக்கமும் பிரிஞ்சு போறவங்கள சேத்துதான் கணக்கு. அமெரிக்காவுல ஆஸ்டினும் அப்படித்தான், 2014 மார்ச்ல பிரிட்டிஷ் ஏர்வேஸ் லண்டனுக்கு சின்ன விமானம் 787 வெச்சு ஆரம்பிச்சாங்க, நிரம்புதுன்னு தெரிஞ்சதும் பெரிய 777-ஐ கொண்டு வந்தாங்க.

இப்போ ஏர்பஸ் ஏ321 எக்ஸ்எல்ஆர் வந்ததுல எனக்கு கொஞ்சம் நம்பிக்கை கூடியிருக்கு. உள்ள நடுவுல ஒரே ஒரு நடைபாதை இருக்குற சின்ன விமானம், 8,700 கிலோமீட்டர் வரைக்கும் போகும், ஸ்பெயின் நாட்டு ஐபீரியா 2024 நவம்பர்ல முதல்ல ஓட்ட ஆரம்பிச்சாங்க. இருநூறுக்கும் கீழ ஆளு இருந்தாலே நிரம்பிரும், நடுத்தர ஊருக்குன்னே தைச்ச சட்டை மாதிரி.

இதுக்கெல்லாம் மேல பர்மிஷன்னு ஒண்ணு இருக்கு, இத யாரும் பேசவே மாட்டாங்க. 1944 சிகாகோ ஒப்பந்தத்துக்கு அப்புறம், எந்த நாட்டு விமானம் எந்த ஊர்ல இறங்கலாம், வாரத்துக்கு எத்தனைன்னு ரெண்டு நாடும் உக்காந்து பேசி முடிவு பண்றதுதான். ஓப்பன் ஸ்கைஸ்னு, இந்த கட்டுப்பாடெல்லாம் இல்லாத ஒப்பந்தம் இருந்தா கவலையில்ல, இல்லன்னா ஊர் பேரே ஒப்பந்தத்துல இல்லாம இருக்கலாம், இருந்தாலும் கோட்டா தீந்துருக்கலாம். ஏர்போர்ட் மேனேஜர்கிட்ட மனு குடுத்து என்ன பிரயோஜனம், அவர் கையில என்ன இருக்கு.

ஆனா எனக்கு ரொம்ப உறுத்துறது இந்த லீக்கேஜ், அதாவது நம்ம ஊர் ஆளு வேற ஏர்போர்ட்டுக்கு ஒழுகிப் போற விஷயம்தான். நாலு மணி நேரம் தள்ளி இருக்குற பெரிய ஏர்போர்ட்டுக்கு பஸ் புடிச்சு போய் ஏறுறவங்க எல்லாம் அந்த பெரிய ஊர் பயணின்னுதான் டிக்கெட் கணக்குல விழுவாங்க. ஏர்லைன்ஸ்காரன் கம்ப்யூட்டர்ல பாத்தா சின்ன ஊர்ல ஆளே இல்ல, அப்புறம் எப்படி வருவான்? அதனாலதான் ஏர்போர்ட்காரங்க சர்வே எடுக்குறாங்க, எந்த ஏரியா, பின்கோடு என்னன்னு.

நானும் அந்த பஸ்ல போனவன்தான். ராத்திரி பத்து மணிக்கு ஏறி, டிக்கில பெட்டிய போட்டு, கழுத்து சுளுக்கிக்கிட்டு ரெண்டு மணிக்கு இறங்கினா, டிராலிய தள்ளிட்டு செக்-இன் க்யூவுக்கு ஓடுறப்போ கையில டேப்லெட் வெச்சுகிட்டு ஒரு பொண்ணு, “சார் ஒரு நிமிஷம், எந்த ஊர்ல இருந்து வரீங்க?”ன்னு நிறுத்துச்சு. தூக்க கலக்கம், க்யூ வேற வளந்துகிட்டே போகுது. “இதே ஊர்தாம்மா”ன்னு சொல்லிட்டு போயிட்டேன். ஃப்ளைட்ல சீட் பெல்ட் போடுறப்போதான் என்ன பண்ணிட்டோம்னு உறைச்சுது.