ஓட்மன் மலையில் ஒரு ஈரத்துண்டு

முதல் வளைவில் ஒரு இருமல். அடுத்ததில் இன்னொன்று. மூன்றாவதில் எங்கள் ரோட் ரன்னர் கார் மூச்சை நிறுத்திக்கொண்டது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், தடுப்புக்கூட இல்லாத குறுகிய சாலை. 2008 ஜூன், அரிசோனாவின் சிட்கிரீவ்ஸ் கணவாய், பகல் பதினொரு மணி. ஸ்டியரிங் என் கையில்.

நாங்கள் ஐந்து பேர், எல்லோருக்கும் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது. வண்டிகள் இரண்டும் லேபில் கூட இருந்த அமெரிக்க நண்பனின் அப்பாவுடையவை. ஓய்வுபெற்ற மெக்கானிக். 1967 மஸ்டாங்கையும் 1969 பிளிமத் ரோட் ரன்னரையும் துருப்பிடித்த கூடாக வாங்கி, வருடக்கணக்கில் உட்கார்ந்து உயிர் கொடுத்தவர். மணிக்கு 60 மைலுக்கு மேல் போகமாட்டேன் என்று மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சாவியைத் தந்தார்.

நடுத்தர உடம்பு, பெரிய எஞ்சின், இளவட்டங்களுக்குக் கட்டுப்படியாகும் விலை: இந்த வண்டிகளை அழைக்கும் 'மஸில் கார்' என்ற பெயருக்கு அர்த்தம் அவ்வளவுதான். 1964இல் போன்டியாக் ஜிடிஓ தொடங்கிவைத்தது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்பது போன்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் விதி. போன்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனின் குழு 389 எஞ்சினை 'வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்' பட்டியலில் நுழைத்துத் தப்பித்தது. எங்கள் ரோட் ரன்னரில் 383, அதாவது 6.3 லிட்டர். நம்மூர் அம்பாசடர் 1.5 லிட்டர்தான். (மஸ்டாங்கை மஸில் கார் என்றால் 'அது போனி கார், அதைவிடச் சின்ன ரகம்' என்று சண்டைக்கு வர ஆட்கள் உண்டு. வரட்டும்.)

ஃபீனிக்ஸிலிருந்து செலிக்மன் வரை சொல்ல ஒன்றுமில்லை, நெடுஞ்சாலை. செலிக்மனில்தான் பழைய ரூட் 66, ஒரு காலத்தில் சிகாகோவையும் லாஸ் ஏஞ்சல்ஸையும் இணைத்த சாலை, கிடைத்தது. 1978 செப்டம்பர் 22 அன்று ஊருக்கு வெளியே புதிய நெடுஞ்சாலை திறந்ததும் ஒரே நாளில் கடைத்தெரு காலியானதாம். ஏஞ்சல் டெல்கடில்லோ என்ற முடிதிருத்துபவர் ஆட்களைத் திரட்டி, 1987இல் சங்கம் அமைத்து, அந்தச் சாலையைப் பிழைக்க வைத்தார். அவர் கடைச் சுவரைக் காணோம். எங்கு பார்த்தாலும் வந்துபோனவர்களின் விசிட்டிங் கார்டுகள்.

அங்கிருந்து கிங்மன் வரை சுமார் 140 கிலோமீட்டர் என்னிடம் ரோட் ரன்னரைக் கொடுத்தார்கள். காரணம் பெருமைக்குரியதல்ல: நண்பனைத் தவிர கிளட்ச் மிதிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மாமாவின் அம்பாசடர் டாக்ஸியில் பழகியது. இந்தக் கிளட்ச்சோ தொடையைப் பிழிந்தது. ஆனால் மூன்றாம் கியரில் லேசாக மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த நொடியே அந்தச் சத்தியம் ஞாபகம் வரும்.

இரவு கிங்மனில் தூங்கி எழுந்து மலை ஏறியபோதுதான் அந்த இருமல். போனில் சிக்னல் இல்லை. நண்பன் கார்புரேட்டரை முறைத்துக்கொண்டு நின்றான். எனக்குச் சித்திரை வெயிலில் திருநெல்வேலி பைபாஸில் நின்றுபோன டாக்ஸி கண்ணுக்கு வந்தது. "ஏலே, பம்பு சூடாயிட்டு, துணிய நனைச்சுப் போடு" என்பார் மாமா. சூட்டில் பெட்ரோல், அதை எஞ்சினுக்கு இழுத்துத் தரும் பம்பிலேயே கொதித்து ஆவியாகிவிடும்; பம்பு ஆவியை இழுக்கும், எஞ்சின் பட்டினி கிடக்கும்.

மதுரைக்காரன் கழுத்தில் ஈரிழைத் துண்டு. "டேய், அது எங்கப்பா வாங்கிக் குடுத்ததுடா!" என்று அலறியதை யாரும் காதில் வாங்கவில்லை. குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதியை ஊற்றி, பம்பைச் சுற்றிக் கட்டினேன். இருபது நிமிடம் பாறை நிழலில் காத்திருந்தோம். அந்தக் காலத்தில் இதே மேட்டைச் சில கார்கள் பின்பக்கமாக ஏறியிருக்கின்றன என்று நண்பன் சொன்னான். அவற்றுக்குப் பம்பே கிடையாது. டாங்கிலிருந்து பெட்ரோல் தானாக வழிந்து வரவேண்டும், மூக்கைத் தூக்கினால் வராது. எங்கள் வண்டிக்கும் அதைச் செய்து பார்க்கலாமா என்று தெலுங்கு நண்பன் கேட்டான். அவனுக்குப் பள்ளம் இன்னும் கண்ணில் படவில்லை போலும்.

சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது.

இறக்கத்தில் டிரம் பிரேக்கை நம்பாமல் இரண்டாம் கியரிலேயே உருட்டி ஓட்மன் என்ற சிற்றூருக்குள் நுழைந்தால், நடுத்தெருவில் கழுதைகள். தங்கச் சுரங்கத் தொழிலாளிகள் விட்டுப்போன கழுதைகளின் வாரிசுகள், ஊர் அவற்றுடையது. ரோட் ரன்னரின் ஹாரன் அதே பெயர் கொண்ட கார்ட்டூன் பறவையைப் போல 'பீப் பீப்' என்று கத்தும். அந்தப் பெயருக்காகப் பிளிமத் 50,000 டாலர் கொடுத்ததாம். நான் அடித்தேன். ஒரு கழுதை நிதானமாக வந்து, ஜன்னல் வழியாகத் தலையை விட்டு, என்னை முகர்ந்து பார்த்துவிட்டு, பழைய இடத்துக்கே போய் நின்றது. கால் மணி நேரம்.

ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) பெட்ரோல் 4 டாலரைத் தாண்டியிருந்த மாதம் அது. ரோட் ரன்னர் லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுத்தது. இரண்டு வண்டிக்கும் சேர்த்து 320 டாலர் ஆனது. நான் மாதம் கொடுத்த வாடகையைவிட அதிகம்.

திரும்பி வந்ததும் நண்பனின் அப்பா பானெட்டைத் திறந்தார். துண்டை அவிழ்க்க மறந்திருந்தோம். குனிந்து பார்த்தார், முடிச்சை விரலால் தொட்டார், யார் கட்டியது என்று கேட்டார். கையைத் தூக்கினேன். முடிச்சை இன்னொரு சுற்று இறுக்கிவிட்டு பானெட்டை மூடினார்.

மதுரைக்காரன் அந்தத் துண்டை இன்னும் என்னிடம்தான் கேட்கிறான்.