துப்பாக்கி லெஸ்டரில், முகமூடி பொங்கோலில்

என் வீட்டுக்காரருக்கு ஏர்சாஃப்ட் பைத்தியம் பிடித்தது இங்கிலாந்தில்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், லெஸ்டருக்கு வெளியே ஏதோ ஒரு காட்டுக்குள் போய், 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுகளால் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு, முழங்கால் வரை சேறோடு திரும்பி வருவார்கள். நான் திருநெல்வேலிக்காரி. திருவிழாவில் பலூன் சுடுவதைத் தவிர துப்பாக்கியோடு எனக்குச் சம்பந்தம் கிடையாது. ஆனால் அந்தச் சாமான்களை எடுத்து வைத்து, துடைத்து, பூட்டியதில் பாதி வேலை என்னுடையது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

பிரிட்டனில் அசல் மாதிரியே தெரியும் பொம்மைத் துப்பாக்கியை விற்க 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டது. பதிவு பெற்ற ஏர்சாஃப்ட் ஆட்டக்காரர் என்று காட்டினால்தான் கடைக்காரர் விற்பார். பாயும் குண்டின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு: விடாமல் சுடும் தானியங்கிக்கு 1.3 ஜூல், ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5 ஜூல். வாங்கிவிட்டால் வீட்டில் வைத்திருக்கத் தனி உரிமம் வேண்டாம். ஆனால் தெருவில் கையில் பிடித்துக்கொண்டு நடக்க முடியாது. பெட்டிக்குள் வைத்து, காரின் டிக்கியில் போட்டுத்தான் ஆட்டத்துக்கு எடுத்துப் போவார். வீட்டில் மேகசீனை, அதாவது குண்டு நிரப்பும் கூட்டைக் கழற்றி, உள்ளே குண்டு தங்கவில்லை என்று பார்த்து, பேட்டரியைப் பிரித்து, பெட்டியைப் பூட்டி, பரண் மாதிரியான ஒரு மேலறையில் வைப்போம். மகன் தவழ ஆரம்பித்ததும் சாவி என் கைக்கு வந்தது.

சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி, "அங்க வீட்ல இத எங்க வைக்கறது?" வாடகை, பள்ளிக்கூடம் எல்லாம் அப்புறம்தான்.

வைக்கவே முடியாது என்பதுதான் பதில். இங்கே ஏர்சாஃப்ட் துப்பாக்கி விளையாட்டுச் சாமான் கணக்கில் வராது, ஆயுதக் கணக்கில் வரும். காவல்துறையின் உரிமம் இல்லாமல் கொண்டுவருவதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்தப் பிடியைத் தளர்த்தவில்லை. சுங்கத்துறையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் பொம்மைத் துப்பாக்கியே தனியாக இருக்கிறது. கைத்துப்பாக்கி வடிவ சிகரெட் லைட்டருக்கு முழுத் தடை. கழற்றித் துண்டு துண்டாக அனுப்பலாம், ஆன்லைனில் வெளிநாட்டுக் கடையில் வாங்கலாம் என்று யோசனை சொல்ல நாலு பேர் வருவார்கள். பார்சல் பிடிபட்டால் மேலே ஒட்டியிருக்கும் முகவரி நம்முடையதுதானே? வேலை அனுமதி அட்டையில் வாழ்பவர்கள் இந்த வீரத்தை எல்லாம் மூட்டை கட்டி வைப்பது நல்லது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூர் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே வைத்துக்கொண்டால் என்ன என்றும் ஒருவர் கேட்டார். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் போலித் துப்பாக்கிக்கும் ஒரு பிரிவு உண்டு. ஆக, பாலத்தைத் தாண்டினாலும் பிரயோஜனம் இல்லை.

அதனால் துப்பாக்கிகள் எல்லாம் லெஸ்டரிலேயே, இவருடைய ஆட்டக் கூட்டாளி ஒருவர் வீட்டில் பூட்டிய பெட்டியில் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் படுக்கப் போகும் சாமான் என்பதால் இவர் பெரிய சடங்கே நடத்தினார். காலி மேகசீனோடு ஒரு முறை சுட்டு, உள்ளே இழுபட்டிருக்கும் ஸ்பிரிங்கைத் தளர்த்தினார். இழுபட்டபடியே கிடந்தால் அது வலுவிழந்துவிடும். வாயுவால் சுடும் துப்பாக்கிகளின் கேஸ் மேகசீன்களில் மட்டும் கொஞ்சம் கேஸை விட்டுவைத்தார், இல்லாவிட்டால் ரப்பர் வளையம் காய்ந்து கசியுமாம். கிரீன் கேஸ் என்று விற்பது பெரும்பாலும் புரோப்பேன்தான், அதனுடன் கொஞ்சம் சிலிகான் எண்ணெய் சேர்த்திருப்பார்கள். அந்த டப்பாக்களைச் சூடு படாத இடத்தில் தனியாக வைக்கச் சொல்லிக் கொடுத்தார். விமானத்தில் அவற்றை ஏற்ற முடியாது என்று சொல்லவே வேண்டாம்.

துப்பாக்கிகளின் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகளை மட்டும் கூடவே கொண்டுவந்தார், மகனின் ரிமோட் காருக்கு ஆகும் என்று. உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் போகவேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. இங்கே அவை தீப்பிடிக்காத பையில், ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் பாதி சார்ஜோடு, அடுப்புக்கும் ஜன்னல் வெயிலுக்கும் எட்டாத இடத்தில் இருக்கின்றன. உப்பிப்போன பேட்டரிக்கு இந்த வீட்டில் இடமில்லை என்பது என் சட்டம். மின்சைக்கிள் பேட்டரி வெடித்த செய்திகளைப் படித்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

உடுப்பு விஷயத்தில்தான் வாக்குவாதம். எஃகுத் தலைக்கவசம், குண்டு துளைக்காத அங்கி, கைவிலங்கு எல்லாம் இங்கே கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. இவருடைய தலைக்கவசம் வெறும் பிளாஸ்டிக், மார்பு அங்கிக்குள் இருந்தது நுரைத் தகடு. "இது ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். பெட்டியைத் திறக்கும் அதிகாரிக்கு அதை யார் விளக்குவது? இரண்டையும் விட்டுவிட்டோம். புள்ளிபோட்ட ராணுவ உடுப்பையும் நான்தான் எடுத்து வெளியே வைத்தேன். எங்கள் புளோக்கில் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்குப் போகும் பையன்கள் வார இறுதியில் பச்சை உடுப்பில் மின்தூக்கியில் வருவார்கள். இரண்டு வருடம் நிஜமாகவே அதைப் போட்டுக்கொள்பவர்கள் முன்னால் இவர் வேஷம் கட்டி நிற்க வேண்டாம்.

வந்து சேர்ந்தவை பாதுகாப்புக் கண்ணாடி, வலை முகமூடி, கையுறை, பூட்ஸ். இங்கே சட்டத்தை விடப் பெரிய எதிரி ஈரக்காற்று. பொங்கோலில் எங்கள் வாடகை வீடு வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீடு. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டிய வீடுகளில் இருப்பதுபோல இதிலும் ஒரு பாம் ஷெல்ட்டர், அதாவது குண்டுவீச்சின்போது ஒளியும் அறை உண்டு. தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. இங்கே எல்லோருக்கும் அதுதான் ஸ்டோர் ரூம். இவர் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ஆயுதக் கிடங்கே கட்டிக் குடுத்திருக்காங்க" என்றார். ஆனால் காற்றோட்டம் இல்லாத அறை. கொஞ்ச நாளில் தோல் கையுறையில் வெள்ளைப் பூஞ்சை, கண்ணாடியின் நுரை ஓரத்தில் பிசுபிசுப்பு.

எதிர்வீட்டு மாமா தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருந்தவர். "கதவ மூடியே வைக்காதம்மா, பகல்ல திறந்து விடு. முஸ்தபா கடைல ஈரம் இழுக்கற டப்பா கிடைக்கும், ரெண்டு வாங்கி வை" என்றார். அது அலமாரிக்குச் சரி. கண்ணாடிக்கு மட்டும் கேமரா வைக்கும் டிரை கேபினெட்டில், அதாவது ஈரத்தைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டியில் இடம் கொடுத்தேன், ஈரப்பதம் 45 சதவீதம். பெட்டியில் அடுத்த தட்டில் என் கேமரா லென்ஸ் இருக்கிறது. இந்த அண்டைவாசத்தில் எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை.

விளையாட ஆசை வந்தால் லேசர் டேக் அரங்கங்கள் உண்டு. நுரைத் தோட்டா சுடும் பொம்மைகளை வைத்து ஆடும் இடங்களும் உண்டு. கண்ணாடியும் கையுறையும் அங்கேதான் போகின்றன. குறிபார்த்துச் சுடுவதுதான் பிடிக்கும் என்றால் அதற்கு முறையான விளையாட்டே இருக்கிறது. 2018 காமன்வெல்த் போட்டியில் மார்ட்டினா வெலோசோ 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கியது இந்த ஊருக்காகத்தான். இவருக்கு அது ஒத்துவராது. அசையாமல் நிற்க வேண்டுமே!

டிசம்பர் விடுமுறைக்கு ஜப்பான் போகிறோம். ஏர்சாஃப்ட் பிறந்த ஊர். அங்கே 0.98 ஜூல்தான் எல்லை, துப்பாக்கியை வாடகைக்கே கொடுக்கிறார்கள். ஆடிவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வரவேண்டும் என்று பேச்சு. திரும்பும் நாளில் இவருடைய பையையும் கால்சட்டைப் பாக்கெட்டுகளையும் நான்தான் உதறிப் பார்ப்பேன். நினைவுக்கு என்று ஒரு காலி மேகசீனை ஒளித்து எடுத்து வரக்கூடிய ஆள் இவர்.