பாட்ஸ்: படுக்கையிலிருந்து எழும் முன்பே தொடங்கும் வேலை

படுத்திருக்கும்போது 75 இருக்கும் நாடித்துடிப்பு எழுந்து நின்றதும் 120-ஐத் தாண்டும். கூடவே கிறுகிறுப்பு, படபடப்பு, கண் மங்கல். எழுந்து நின்றாலே துடிப்பு அளவுக்கு மீறி எகிறும் இந்தக் கோளாறுக்குத்தான் பாட்ஸ் (POTS) என்று பெயர். இசிஜி, எக்கோ எல்லாம் நார்மல் என்று வந்துவிடுவதால் 'டென்ஷன்தான்' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நிறைய. பாட்ஸ் என்று முடிவு செய்ய, நின்ற 10 நிமிடத்துக்குள் துடிப்பு குறைந்தது 30 கூட வேண்டும். 12 முதல் 19 வயதினருக்கு 40. ரத்த அழுத்தம் பெரிதாக இறங்கியிருக்கக் கூடாது, தொந்தரவு 3 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். ரத்தசோகை, தைராய்டு கோளாறு இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் விலக்கிவிடுவது முதல் வேலை.

வீட்டில் அளந்து பார்க்கலாம். காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் 10 நிமிடம் படுத்திருந்து துடிப்பையும் பிரஷரையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சுவரிலிருந்து குதிகாலை அரை அடி தள்ளி வைத்து, தோளை மட்டும் சுவரில் சாய்த்து 10 நிமிடம் நிற்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு முறை குறிக்க வேண்டும். பேசக் கூடாது, காலை அசைக்கக் கூடாது. ஆடுசதை இறுகினாலே எண் இறங்கிவிடும். பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்யாதீர்கள். விரல் சில்லிட்டுப் போனால் ஆக்ஸிமீட்டர் தாறுமாறாகக் காட்டும். பிரஷர் மெஷின் காட்டும் துடிப்பை நம்புங்கள்.

நிற்கும்போது எல்லோருக்கும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கும். பாட்ஸில் அதை மேலே தள்ளும் இறுக்கம் போதவில்லை. பலருக்கு ரத்தத்தின் மொத்த அளவே குறைவு. அதை ஈடுகட்டத்தான் இதயம் ஓடுகிறது. ரத்த அளவைக் கூட்டுவது, தேங்குவதைத் தடுப்பது, கால் தசையை வலுவாக்குவது என்று மருந்தில்லா வழிகள் எல்லாமே இந்தக் கோளாறைச் சுற்றித்தான்.

உப்பில்தான் அதிகம் தவறு நடக்கிறது. நாளுக்கு 2 முதல் 3 லிட்டர் நீர், 10 முதல் 12 கிராம் உப்பு என்பது இதய மருத்துவர்களின் வழிகாட்டுதலில் உள்ள அளவு. மற்றவர்களுக்குச் சொல்லும் 5 கிராமைவிட இது இரண்டு மடங்கு. ஆகவே உயர் ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் தொடவே கூடாது. மற்றவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். தலை தட்டிய ஒரு டீஸ்பூன் உப்பு 5 முதல் 6 கிராம். சாம்பாரும் ஊறுகாயும் அந்த 10-12 கிராமில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுவதால் மீதியை மட்டும் சேர்த்தால் போதும். நாளுக்கு அரை டீஸ்பூன் கூடுதலில் ஆரம்பித்து வாரா வாரம் ஏற்றுங்கள். வெறும் வயிற்றில் கெட்டியான உப்புத் தண்ணீர் குடித்தால் குமட்டும், வயிற்றுப்போக்கும் வரும். ஒரு லிட்டர் நீர்மோரில் அரை டீஸ்பூன் கலந்து பகல் முழுக்கப் பிரித்துக் குடிப்பது எளிது. உப்பில்லாமல் தண்ணீரை மட்டும் ஏற்றுகிறவர்கள் கழிப்பறைக்கு நடப்பதுதான் மிச்சம்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று அச்சிட்ட ஓஆர்எஸ் பொடி நல்லது. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் உள்ள சோடியம் சுமார் 4.4 கிராம் உப்புக்குச் சமம். கரைத்ததை 24 மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். அட்டைப்பெட்டிப் பழச்சாறு வகைகளில் சர்க்கரை அதிகம், சோடியம் குறைவு. இளநீரில் பொட்டாசியம்தான் ஏராளம். சோடியத்துக்கு அதை நம்ப முடியாது. 'லோ சோடியம்' உப்பு வாங்கிவிடாதீர்கள். இந்துப்புக்கு விலை மட்டும்தான் கூடுதல். போதுமான உப்பு சேர்கிறதா என்று தெரிய 24 மணி நேரச் சிறுநீரில் சோடியம் பார்க்கச் சொல்வார்கள். 170 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் சரி.

காலைதான் மோசமான நேரம். கட்டில் பக்கத்திலேயே அரை லிட்டர் பாட்டில் இருக்கட்டும். பாதி எழுந்து சாய்ந்து 5 நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, கால் மணி நேரம் அப்படியே இருந்து பாதத்தை மேலும் கீழும் மடக்குங்கள். படுத்தபடியே வயிற்று பெல்ட்டைக் கட்டி, கட்டில் ஓரத்தில் 2 நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, அப்புறம் எழுந்திருங்கள்.

அந்த பெல்ட் பிரசவத்துக்குப் பிறகு கட்டுகிற அதே பெல்ட்தான், மருந்துக் கடையில் கிடைக்கும். இடுப்பெலும்பிலிருந்து விலா எலும்புக்குக் கீழே வரை நிற்க வேண்டும். விலாவில் ஏறினால் மூச்சு முட்டும். அழுத்தக் காலுறை என்றால் இடுப்பு வரை வருவது, 20-30 அல்லது 30-40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் உள்ளது. முழங்கால் உறையால் பெரிய பயன் இல்லை, ரத்தம் தொடையிலும் வயிற்றிலும்தான் அதிகம் தேங்குகிறது. சென்னை மே மாதத்தில் முழு உறை போடச் சொல்வது அநியாயம். மெல்லிய பனியன் மேல் பெல்ட்டை மட்டும் கட்டினாலே வித்தியாசம் தெரியும். படுக்கும்போது கழற்றிவிடுங்கள்.

உடற்பயிற்சி என்றதும் 'வாக்கிங் போங்க' என்பார்கள். பாட்ஸுக்கு அது கடைசிப் படி. படுத்தபடி இடுப்பைத் தூக்குவது, காலை நீட்டித் தூக்குவது என்று 5 நிமிடத்தில் தொடங்கி, சாய்ந்து மிதிக்கும் சைக்கிள், துடுப்பு மெஷின், நீச்சல் என்று வாரம் 3 நாள், 25 முதல் 30 நிமிடம் வரை ஏற்ற வேண்டும். நிமிர்ந்து செய்யும் பயிற்சிக்கு மாற ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். முதல் வாரங்களில் தளர்ச்சி கூடும், பலர் கைவிடுவது அங்கேதான். ஆனால் கோவிட்டுக்குப் பிறகு, சிறு உழைப்புக்கே மறுநாள் எழ முடியாமல் சாய்ந்துவிடுகிறவர்கள் இந்த ஏற்றத்தைப் பின்பற்றக் கூடாது.

குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூல், வெதுவெதுப்பான நீர். தட்டு நிறையச் சோறு வேண்டாம், 5 வேளையாகப் பிரியுங்கள். தோசைக்கல் முன்னால் உயரமான ஸ்டூலில் உட்காருங்கள். ரேஷன் வரிசையில் காலைப் பின்னி, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கி நின்றால் சில நிமிடம் தாக்குப்பிடிக்கலாம். கண் இருட்டினால் வெட்கப்படாமல் குத்துக்காலிட்டு உட்காருங்கள், முடிந்தால் படுத்துக் காலை உயர்த்துங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 4 முதல் 6 அங்குலத்துக்குச் செங்கல் வைத்தால் இரவில் சிறுநீராகப் போகும் நீரும் உப்பும் குறையும். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் வளையும்.

மாதவிடாய், காய்ச்சல், வயிற்றுப்போக்கு நாட்களில் எல்லாம் ஒரு படி இறங்கும். அந்த நாட்களில் பயிற்சியை நிறுத்தி நீரையும் ஓஆர்எஸ்ஸையும் கூட்டுங்கள். ஓடும்போதோ படியேறும்போதோ நினைவு தப்பினால், படுத்திருக்கும்போதே துடிப்பு எகிறினால், அதை பாட்ஸ் கணக்கில் எழுதாமல் அன்றைக்கே இதய மருத்துவரைப் பாருங்கள்.