கோட்டைச் சுவரில் ஒரு மாலை
பாடசாலை மாணவர்களுக்காக எங்கள் வீட்டுப் பெடியன்கள் எடுத்துவரும் வரலாற்றுக் காணொளிக்கு விளக்கம் சொல்ல, நேற்று மாலை யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போயிருந்தேன். பார்க்க வருவோரில் பெரும்பாலானோர் பண்ணைக் கடலில் சூரியன் இறங்குவதைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதில் குற்றமில்லை, நானும் எடுத்தேன்.

ஆனால் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) இந்தக் கோட்டையை ஏன் ஐங்கோணமாகக் கட்டினார்கள் என்பதை அந்த மதிலில் நின்றே காட்ட வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் வெளியே துருத்தி நிற்கும் கொத்தளத்திலிருந்து பக்கத்துச் சுவரின் அடிவரை சுட முடியும் என்பதால், அகழியைத் தாண்டி வரும் எதிரிக்கு ஒதுங்க மறைவிடமே இல்லை. சின்னவனைக் கீழே நிற்கவிட்டு, மேலே இரண்டு பக்கமிருந்தும் படமெடுத்தபோது அவனுக்கே அது விளங்கிவிட்டது. 1658இல் மூன்று மாதங்களுக்கு மேலாக முற்றுகையிட்டுப் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பிடித்தவர்கள், அதன் பலவீனத்தையும் அறிந்துதான் பிறகு திருத்திக் கட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

1990இல், உள்நாட்டுப் போரின்போது, இங்கிருந்த இராணுவத்தினரை விடுதலைப் புலிகள் முற்றுகையிட்டதைப் பற்றிப் பேசும்போது மட்டும் என் குரல் தடுமாறியது. அந்தப் பகுதியை வெட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். காற்றிரைச்சலால் பாதி ஒலிப்பதிவு பழுதாகிவிட்டதால், ஞாயிறு காலையில் மறுபடி போகிறோம்.